ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டால்

காலையில் எழுந்து பிரட்டுக்குக் கிளம்பும்போது ஒரு காது கேட்கவில்லை. பஞ்சு வைத்து அடைத்தாற்போல் இருக்கிறது. உள்ளே 'ஙொய்' என்று ஓர் இரைச்சல், சிலருக்குத் தலைச்சுற்றலும் உண்டு. வீட்டில் என்ன நடக்கிறது? "சளி கட்டியிருக்கும்ங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்பார் மனைவி. பாட்டி நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவார். சம்பளம் போட்டதும் கிளினிக்குப் போகலாம் என்று நாமும் தள்ளிப்போடுவோம். அதற்குள் வைத்தியம் பலிக்கும் காலம் கடந்துவிடலாம்.

தொழிலாளத் தோழர்களே, குறும்பி அடைத்தாலும் இப்படித்தான் இருக்கும். ஆனால் மூன்று நாளைக்குள் ஒரு காது மந்தமாகிப் போனால் அது உள்காது நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவதுதான் கிளினிக் டாக்டரின் முதல் வேலை. விளக்கு வைத்துக் காதுக்குள் பார்ப்பார். குறும்பி இருந்தால் எடுத்துவிட்டு, காது கேட்கிறதா என்று மறுபடியும் பார்ப்பார். காது சுத்தமாக இருந்தால், இரும்புக் கவை ஒன்றைத் தட்டி நடுநெற்றியில் வைத்து, "எந்தப் பக்கம் கேக்குது?" என்பார். அடைப்பு என்றால் சத்தம் கேளாத காதுப் பக்கம் போகும். நரம்பு என்றால் நல்ல காதுப் பக்கம் போகும். வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகினாலும் இதே கதைதான். வீட்டிலேயே செய்து பார்க்கலாம், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

நரம்பு என்று பட்டால் சொட்டு மருந்தும் சளி மாத்திரையும் உதவாது. அவசரக் கடிதம் கொடுத்து, பெரியாஸ்பத்திரி காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பிரட்னிசோலோன் மாத்திரை பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் வரை, ஒன்றிரண்டு வாரம் கொடுப்பது வழக்கம். முதல் 2 வாரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கேள்வி நிச்சயம் திரும்பும் என்று எந்த டாக்டரும் கையடித்துச் சொல்லமாட்டார். சிலருக்கு மருந்தில்லாமலே திரும்புகிறது, சிலருக்கு மருந்து சாப்பிட்டும் திரும்புவதில்லை. அதற்காகச் சும்மா இருந்து பார்ப்பது சூதாட்டம்.

இனிப்புநீர் உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றிவிடும். அப்படிப்பட்டவர்களுக்குச் செவிப்பறை வழியாக ஊசி போடும் முறையும் உண்டு.

காது போனதோடு வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் விழுந்தாலோ கிளினிக்கு வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

"ஒரு நாள் கூலி போயிடுமே" என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: 2 வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், 5 வருடத்துக்குக் குறைந்தால் 18, அதற்கு மேல் 22. டாக்டரிடம் எம்.சி. வாங்கிக்கொள்ளுங்கள். விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரியப்படுத்திவிடுங்கள்.