பேரொலிக்குள் ஒரு மேளம்

ஞாயிறு மாலை ஒன்றில், போலாரத்து நம் இல்லத்தின் உள்ளறையிலிருந்து எழுந்த பேரோசை நம்மைத் திடுக்கிடச் செய்தது. கல்லூரியிற் பயிலும் மகன் கதவைச் சாத்திக்கொண்டு 'மெட்டல்' இசை கேட்டுக்கொண்டிருந்தான். கடிந்துகொள்ளச் சென்ற நம்மை நோக்கி, "அப்பா, சற்று உட்கார்ந்து பாருங்கள்" என்றான். உட்கார்ந்தோம்.

திரையில் ஓடியது 'பிளடிவுட்' என்னும் குழுவின் கச்சேரி. புதுடில்லியில் 2016 ஆம் ஆண்டில் தோன்றிய குழு அது. 2019 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், வட ஜெர்மனியின் வாக்கன் என்னும் சிற்றூரில் நடைபெற்ற இசைவிழாவில் பாடினர். 1990 முதல் நடந்துவரும் அவ்விழாவுக்குப் பல்லாயிரவர் திரள்வர். குழுவின் அந்த ஐரோப்பியப் பயணத்தை 'ராஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின்' என்ற ஆவணப்படமாகவும் ஆக்கியிருக்கின்றனர்.

கித்தார்கள் இடியென முழங்குகின்றன. பாடகர் ஜயந்த் படூலா அடித்தொண்டையில் உறுமுகிறார். மறுகணம், கரண் கட்டியாரின் புல்லாங்குழல் மெல்லென இழைகிறது. அவற்றினூடே பஞ்சாபியரின் 'டோல்' மேளம் அதிர்கிறது! இருபுறமும் தோல் போர்த்து, கழுத்தில் மாட்டி, இரு கோல்களால் அடிக்கும் வாத்தியம் அது. அதன் தாளத்துக்கு ஜெர்மானிய இளைஞர் துள்ளிக் குதிப்பதைக் கண்டபோது, நம் ஊர்த் திருவிழாத் தவில் நினைவுக்கு வந்தது.

அவ்வொப்புமை வெறும் மயக்கமன்று. இவ்விசைக்கு வித்திட்டது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து 'பிளாக் சப்பாத்' குழு. அதன் கித்தார்க் கலைஞர் டோனி அயோமி, இளமையில் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் தம் வலக்கையின் இருவிரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்கு நரம்பை அழுத்தும் கை வலக்கையே. ஆயினும் சோர்ந்தாரல்லர், விரல்நுனிகளுக்கு உறைகள் செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். அழுத்துவதற்கு எளிதாக நரம்புகளைத் தளர்த்தினார்; சுருதி தாழ்ந்தது; அந்தக் கனத்த ஒலி பிறக்க அதுவும் ஒரு காரணமாயிற்று. நம் தவில் வித்துவான்களும் விரல்களிற் கூடு மாட்டியன்றோ வாசிக்கின்றனர்!

எனினும் நம் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. 'ஜீ வீரே' என்னும் 2018 ஆம் ஆண்டுப் பாடலைக் காட்டி, "இது மனச்சோர்வோடு போராடுபவர்களுக்காகப் பாடியது, அப்பா" என்றான் மகன். சிறிது நேரம் பேசாதிருந்து, "முதலாண்டில் தேர்வில் தவறியபோது இதைத்தான் இரவெல்லாம் கேட்டேன்" என்றான்.

அவ்விரவுகளில் சுவருக்கு இப்பால் நாம் உறங்கிக்கொண்டிருந்தோம். கூச்சல் என்று நாம் ஒதுக்கிய இசை, நாம் சொல்லத் தவறிய ஆறுதலை அவனுக்குச் சொல்லியிருக்கிறது.

சொந்த ஊரைவிட்டுப் பிழைக்க வந்த நம் குடும்பங்களில், துயருறும் பிள்ளைக்குத் தாத்தா பாட்டியின் மடியோ, மாமன் அத்தையின் துணையோ அருகிலில்லை. நாமும் அலுவலிலேயே ஆழ்ந்துவிட்டால் அவர்கள் யாரிடம் செல்வர்? அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் மூடிய கதவுக்குப் பின்னே பேரொலி கேட்குமாயின், கடிந்துகொள்ளுமுன் உள்ளே சென்று ஒரு பாட்டேனும் உடனிருந்து கேளுங்கள். இசை பிடிக்காமற் போகலாம். பிள்ளையின் மனத்தை அறிய ஒரு வழி திறக்கக்கூடும்.