பாதை என்னும் சொல்

ஒரு சொல் தன்னை வழங்கும் மக்களின் வாழ்க்கையைக் காட்டிவிடும். பாதை என்பதற்கு நடக்கும் வழி என்பதே யாவரும் அறிந்த பொருள். கிழக்கிலங்கையிலோ அதற்கு மற்றொரு பொருளும் உண்டு. களப்பையும் ஆற்றையும் கடத்தற்கு மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்குப் பாதை என்றே பெயர். ஓடம் என்னாது, படகு என்னாது, பாதை என்றனர் நம்மவர். அதனையன்றி வேறு வழி அவர்க்கு இல்லாமையால் என்க.

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்புறத்தே அமைந்த சீனன்குடாவில் நின்று நோக்குவார்க்கு இச்சொல்லின் பொருள் நன்கு விளங்கும். இரு பெரும் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலேயர் தம் கடற்படைக்கென நிறுவத் தொடங்கிய எண்ணெய்க் குதங்கள் 99 இங்குள்ளன. விமானத்தளமும், மாவாலையும், சீமெந்துத் தொழிற்சாலையும் இங்குண்டு. புகைவண்டி 1927ஆம் ஆண்டிலேயே இவ்வழி வந்துவிட்டது. ஆயின், தெற்கே கிண்ணியாவுக்குச் செல்வோர் கடலைக் கடக்கப் பெரும்பாலம் எழுந்தது 2009ஆம் ஆண்டில். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை 82 ஆண்டுகள். அத்தனை காலமும் கப்பலுக்குத் துறைமுகம் இருந்தது. கிண்ணியாவின் உழவனுக்கும் மீனவனுக்கும் மாணவனுக்கும் பாதையே இருந்தது.

பாலம் வந்தபின்னும் துயர் முற்றும் நீங்கிற்றில்லை. கிண்ணியாவையும் குறிஞ்சாக்கேணியையும் இணைத்த பழைய பாலத்திற்கு மாற்றாகப் புதியதொன்று அமைக்கும் பணி நடந்த காலத்தில், மக்கள் மீண்டும் மிதவையையே நம்பினர். 2021 நவம்பர் 23ஆந் தேதி காலையில் அது கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் பிரிந்தன. அவருட் பெரும்பாலார் பள்ளிச் சிறார். வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் பெயர் கூப்பிடும் தொழிலினேமாகிய எம்போலியர்க்கு, விடைவராத ஒரு பெயரின் பாரம் சொல்லில் அடங்குவதன்று.

இஃது ஓரூரின் கதையன்று. 1942 ஏப்ரல் 9ஆந் தேதி யப்பானிய வானூர்திகள் திருகோணமலையைத் தாக்கின. அதன்பின் ஆங்கிலேயரின் கீழ்த்திசைக் கடற்படை புகலடைந்த இடம், ஆபிரிக்கக் கரையில் மொம்பாசாத் தீவிலுள்ள கிலிந்தினித் துறைமுகம். சுவாகிலி மொழியில் அப்பெயர் நீரின் ஆழத்தைக் குறிக்கும். அங்கிருந்து 1896இல் தொடங்கிய இருப்புப்பாதை 1901இல் விக்டோரியா ஏரிக்கரையை எய்திற்று. இடையே 1899இல் இரயில் முகாமாகத் தோன்றியதே இன்றைய நைரோபி மாநகர். உள்நாட்டுச் சரக்கு கப்பலை அடைய வழி விரைந்து பிறந்தது. 2019ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி 12 இலட்சம் மக்கள் வாழும் மொம்பாசாவிலோ, தீவினின்று தென்கரைக்கு இலிக்கோனித் துறையில் மிதவையேறிச் செல்வோர் இன்றும் நாள்தோறும் பல்லாயிரவர். 1994 ஏப்ரல் 29ஆந் தேதி, அருகிலுள்ள முதொங்குவேத் துறையில் அளவுக்கு மிஞ்சி ஆளேற்றிய மிதவை கவிழ்ந்து 272 பேர் மாண்டனர்.

ஆபிரிக்க நகரங்கள் இன்று பெருகும் விரைவைக் கண்டு உலகம் வியக்கின்றது. அந்நகர்களுட் பல நம் துறைமுகம் போன்றே பிறந்தவை. பிறர் தேவைக்காக வகுக்கப்பட்ட ஊரில் வீதிகளெல்லாம் கப்பலை நோக்கி ஓடும். அயலூரை நோக்கி ஓடா. ஏழை, நிலம் மலிந்த அக்கரையிற் குடியேறுவான்; தொழிலோ இக்கரையில். ஆகவே கடத்தல் அவனுக்கு அன்றாடக் கடன் ஆகின்றது.

"பாலம் பெருஞ்செலவுடையது; வறிய நாடு யாது செய்யும்?" என வினவுவார் உளர். வினா நேரியதே. ஆயினும் குறிஞ்சாக்கேணியிற் பாலத்திற்கான பணி தொடங்கியே இருந்தது. உயிர்கள் போயின பணி நிறைவேறாத இடைக்காலத்தில். ஏறுவோரை எண்ணுதலும், அளவு கடவாது நிறுத்துதலும், பக்கத்தே உறுதியான தடுப்பு அமைத்தலும், மிதப்பங்கி அணிவித்தலும் பாலத்தின் செலவில் எத்தனையில் ஒரு பங்கு? திட்டம் வகுப்போர் முடிந்த நகரத்தின் படத்தை வரைகின்றனர். மக்களோ முடியாத நகரத்தில் வாழ்கின்றனர். இடைக்காலத்துக்கு வழி வகுக்காத திட்டம் அரைத்திட்டமே.

அவ்விபத்து நிகழ்ந்து ஏழு வாரம் நிரம்புமுன், 2022 சனவரியில், சீனன்குடாக் குதங்களுள் 61ஐ இலங்கையும் இந்தியாவும் கூட்டாக மேம்படுத்துவதற்கு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அது வேண்டாததன்று, தொழில் வளர ஊர் வளரும். ஆனால் எண்ணெய்க் குதத்திற்குக் காட்டும் முன்யோசனை ஒரு மிதவைக்கும் காட்டப்படல் வேண்டும்.

இது நமக்குப் புதிய பாடமன்று. கோணேசர் கோயிற் பணி புரிந்த குளக்கோட்டன், கந்தளாயிற் குளமுங் கட்டி, தொழும்பு செய்யும் குடிகளை இருத்தி, அவரவர்க்குரிய முறைமையும் வகுத்தான் எனக் கோணேசர் கல்வெட்டுக் கூறும். அச்செய்தியின் காலத்தை வரலாற்றறிஞர் ஆராய்க. நமக்கு வேண்டுவது அதன் கருத்து. கோபுரத்தை நினைத்தவன் குடியையும் நினைத்தான். திருகோணமலை நகர் இன்றும் பருகும் நீர் கந்தளாயிலிருந்தே வருகின்றது.

நகரத்தின் பெருமையைத் துறைமுகத்தின் ஆழங்கொண்டு அளப்பது மாலுமியின் வழக்கம். நாம் அளக்கவேண்டியது வேறு: புத்தகப்பை சுமந்த சிறுமி ஒருத்தி காலையில் அக்கரை சென்று, மாலையில் அச்சமின்றித் திரும்புகின்றாளா என்பதே. அந்நாள் வருமாயின், பாதை என்னுஞ் சொல்லுக்குக் கிழக்கிலும் நடக்கும் வழி என்னும் ஒரு பொருளே எஞ்சும். அகராதியில் ஒரு பொருள் குறைவதற்காக மகிழ்ச்சியடையும் தமிழாசிரியருள் அடியேனும் ஒருவனாவேன்.