உங்களுக்குத் தெரியுமா? கேம்பர் வேனுக்குப் பின்னால் சைக்கிள்

லண்டனின் குட்மேய்ஸில் கேம்பர் வேன் வைத்திருப்பவர் சைக்கிள் ராக் வாங்குமுன் வேனின் வயதைப் பார்ப்பது நல்லது. 2023 ஆகஸ்ட் 29 முதல் இந்தப் பகுதியும் யூலெஸ் என்ற மிகக் குறைந்த மாசு மண்டலத்தின் எல்லைக்குள் வந்துவிட்டது. யூரோ 6 தரம் எட்டாத டீசல் வேன் எல்லைக்குள் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்ட் கட்ட வேண்டும். ‘வரலாற்று வாகனம்’ என்று வரிப்பதிவு பெற்ற, 40 வயது தாண்டிய பழைய ஃபோக்ஸ்வாகன்களுக்கு விலக்கு உண்டு. வயதானால் மரியாதை!

ராக் விற்கும் ஸ்வீடன் நிறுவனமான தூலே, 1942இல் முதலில் விற்றது மீன் பிடிக்கும் பொறி.

ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டரின் பின்கதவில் ராக் மாட்டத் துளை போட வேண்டியதில்லை. கொக்கிகள் கதவின் இரும்பு விளிம்பைக் கவ்விக்கொள்ளும். கொக்கி படும் இடத்தில் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டாவிட்டால் பெயின்ட் போய்த் துரு ஏறும். சில மைல் ஓட்டியதும் நிறுத்தி, போல்ட்டுகளை இன்னொரு முறை முறுக்குங்கள். பெரிய மோட்டார்ஹோம்களின் சுவரில் துளைத்துத்தான் ஆக வேண்டும். அங்கே சீலண்டில் கஞ்சத்தனம் காட்டினால் மழைநீர் உள்ளே இறங்கிச் சுவரே உளுத்துவிடும்.

எடைதான் பலரும் ஏமாறும் இடம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர் உள்ள ஒரு வேனில், பின்அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் 50 கிலோ தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்அச்சில் கூடும் சுமை 50 அல்ல, 75 கிலோ! முன்அச்சில் 25 கிலோ குறைகிறது. கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தில் ஆள் பின்னால் நடந்தால் முன்முனை எழுமே, அதே கணக்குதான். முன்சக்கரம் இழுக்கும் வேன் ஈரப் புல்வெளியில் சுழன்று நிற்பதற்கு இதுவும் காரணம். மின்சைக்கிளின் பேட்டரியைக் கழற்றி வேனுக்குள் வைத்தாலே சில கிலோ மிச்சம்.

சைக்கிள் சக்கரம் மஞ்சள் நம்பர் பிளேட்டை மறைத்தால் 1,000 பவுண்ட் வரை அபராதம். பின்விளக்குகளும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விளக்குப் பலகை ஒன்றை மாட்டி, அதில் இன்னொரு நம்பர் பிளேட் வைக்க வேண்டும். அட்டையில் எழுதி ஒட்டுவது செல்லாது. பதிவு பெற்ற கடையில் வண்டிப் பத்திரத்தைக் காட்டித்தான் வாங்க முடியும்.

டோவரில் கப்பலேறினால், ராக்கையும் சேர்த்துத்தான் வேனின் நீளத்துக்குக் கட்டணம். அக்கரையில் இத்தாலியும் ஸ்பெயினும் வெளியே நீளும் சுமைக்கு 50 செ.மீ. சதுரத்தில் சிவப்பு-வெள்ளைக் கோட்டுப் பலகை கேட்கின்றன. கோடுகளின் அமைப்பு நாட்டுக்கு நாடு வேறு. அதனால் ஒரு பக்கம் இத்தாலிக்கும் மறுபக்கம் ஸ்பெயினுக்குமாகத் திருப்பி மாட்டும் பலகைகள் கடைகளில் கிடைக்கின்றன.