விழிஞ்ஞத்துக்கு எத்தனை சீட்டு? – கணினியில் ஒரு தமிழ்ச் சொல்லாட்டம்

'விழிஞ்ஞம்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? வி, ழி, ஞ், ஞ, ம் – ஐந்து என்று தமிழ் படித்த பிள்ளை சொல்லும். மலையாளம் படிக்கும் பிள்ளை மூன்று என்னும். அங்கே 'ஞ்ஞ' ஒரே கூட்டெழுத்து, மகரத்துக்கு நிற்கும் சிறு வட்டம் தனிக் கணக்கில் வராது. கணினியைக் கேளுங்கள், ஒன்பது என்கிறது! யூனிகோடு முறையில் வ, இகரக் குறி, ழ, இகரக் குறி, ஞ, புள்ளி, ஞ, ம, புள்ளி என்று அது பிரித்து வைத்திருக்கிறது.

இது வெறும் வேடிக்கை இல்லை. கேரளத்தில் வளரும் நம் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாது. நாலு வீட்டில் நாலு பேர் கைப்பேசியில் சேர்ந்து ஆடும் சொற்சீட்டாட்டம் ஒன்று இருந்தால் விளையாட்டோடு விளையாட்டாக எழுத்தும் படியும். ஆனால் நிரல் எழுதுபவர் கணினியின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால், புள்ளி ஒரு தனிச் சீட்டாக வந்து விழும். பிள்ளை தப்பாகவே படிக்கும்.

இலக்கணம் காட்டும் வழி வேறு. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் – ஆக 31 வகைச் சீட்டு போதும், 247 எழுத்தும் பிறந்துவிடும். வ் சீட்டின் பக்கத்தில் இ சீட்டை வைத்தால் திரையில் 'வி' தோன்றணும். விழிஞ்ஞத்துக்கு வ், இ, ழ், இ, ஞ், ஞ், அ, ம் – எட்டுச் சீட்டு. யூனிகோடில் 'க'வோடு புள்ளி சேர்ந்து 'க்' ஆகிறது. நமக்கோ 'க்'கோடு அகரம் சேர்ந்து 'க' ஆகிறது. தலைகீழ்! இந்தத் தலைகீழை நேராக்குவது சீட்டின் வேலை; ஆடுபவருக்கு அது தெரியவே வேண்டாம்.

சீட்டுக்கு வேலையா என்று கேட்பீர்கள். அதுதான் பொருள்நோக்கு நிரலாக்கம். நார்வே நாட்டு டால், நிகார்ட் இருவரும் 1967இல் 'சிமுலா 67' மொழியில் கொண்டுவந்த முறை இது. 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இதற்காகவே அவர்களுக்குக் கிடைத்தது. நிரலை ஒரே நீளக் கட்டளைப் பட்டியலாக எழுதாமல், சீட்டு, கட்டு, ஆட்டக்காரர், மேசை, நடுவர் என்று பொருள்களாகப் பிரித்து, அவரவர் விவரத்தையும் வேலையையும் அவரவரிடமே ஒப்படைப்பது.

சமணம் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. திரவியம் என்பது குணமும் பரியாயமும் உடையது என்கிறது தத்துவார்த்த சூத்திரம். குணம் கூடவே நிற்பது, பரியாயம் மாறுவது. 'ழ்' என்பது சீட்டின் குணம். கட்டில் இருக்கிறதா, யார் கையில், மேசையிலா என்பது பரியாயம். நிரலில் குணத்தை மாற்ற யாருக்கும் வழி வைக்கக் கூடாது. பரியாயத்தை மாற்றும் உரிமை மேசைக்கு மட்டும். 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்ட நம் விழிஞ்ஞம் துறைமுகத்தில் பாருங்கள்: பெட்டிக்குள் முந்திரியா, இயந்திரமா என்று கிரேனுக்குத் தெரியாது. மூலைப் பிடி நாலும் கிடைத்தால் தூக்கிவிடும். பொருளுக்கும் அதே மாதிரி வெளியே சில பிடிகள் மட்டுமே.

நடுவர் விஷயம் கொஞ்சம் சிக்கல். பவணந்தி முனிவரின் நன்னூல்படி சொல்லுக்கு முதலில் வருவன 12 உயிர், 10 மெய், ஆக 22. ட, ர, ல அதில் இல்லை. நம்ம ஊர்ப் பிள்ளை முதலில் வைக்கும் சொல் 'ரயில்', 'லாரி' என்றுதான் இருக்கும்! அதற்கு 'நடுவர்' என்று ஒரு பொது வகுப்பு வைத்து, அதன்கீழ் 'நன்னூல் நடுவர்', 'பேச்சு நடுவர்' என்று இரண்டு கிளை எழுதலாம். இருவரிடமும் மேசை கேட்கும் கேள்வி ஒன்றே: 'இது சொல்லா?' விடை மட்டும் வேறுபடும். மேசையின் நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். பிள்ளைகளுக்குப் பேச்சு நடுவர் போதும் என்பது என் கட்சி. புலவர்கள் கோபிக்கக் கூடாது.

பலர் ஆடும்போது, கழித்துப் போட்ட ஒரே சீட்டை இருவர் ஒரே நேரத்தில் தொடுவார்கள். யார் முந்தி என்று அவரவர் கைப்பேசி தீர்மானித்தால் சண்டைதான். மேசை ஒன்றே ஒன்று, அதுவும் நடுக்கணினியில் இருக்கணும். வந்த வேண்டுகோளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக முடிக்கணும். ஒருவருக்கு அனுப்புவது அவர் கைச்சீட்டும் மற்றவரிடம் எத்தனை இருக்கிறது என்ற எண்ணிக்கையும் மட்டுமே. எல்லாச் சீட்டையும் அனுப்பிவிட்டுத் திரையில் மறைத்தால், கெட்டிக்காரப் பையன் ஒருவன் தோண்டி எடுத்துவிடுவான்.

எந்தச் சீட்டு எத்தனை படி? ஸ்கிராபிள் விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் செய்தித்தாளை வைத்து எழுத்துகளை எண்ணினார். நாமும் ஒரு மாதத் தமிழ் நாளிதழை எண்ணினால் தெரிந்துவிடும். 

ஒரு எச்சரிக்கை. 'கொ' என்பதை யூனிகோடில் க, ஒகரக் குறி என இரண்டாகவும் எழுதலாம். க, கொம்பு, கால் என மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. அகராதியில் ஒருவிதமாகவும் ஆட்டத்தில் வேறுவிதமாகவும் இருந்தால், 'கொடி' என்று சரியாக வைத்த பிள்ளையை நடுவர் தப்பு என்பார். ஆகவே ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவாக்க வேண்டும். பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் 'கொடி'யை இரண்டு விதமாகவும் அடித்துப் பாருங்கள். 'விழிஞ்ஞம்' எட்டுச் சீட்டில் ஐந்தெழுத்தாகச் சேர்கிறதா என்றும் பாருங்கள்.