மூன்று வார மௌனம்

கிருமிகளின் சரித்திரம் – 11

வாஷிங்டன் நகரத்தை அடுத்த பெத்தெஸ்டாவில், அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய சுகாதார நிறுவனத்துக்குச் சொந்தமான ஆராய்ச்சி மருத்துவமனை ஒன்று இருக்கிறது. வேறெங்கும் பரிகாரம் கிடைக்காத அபூர்வ வியாதியஸ்தர்களும், புதிய மருந்துகளின் பரிசோதனைக்கு மனமுவந்து தம்மை ஒப்புக்கொடுத்தவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சையாலோ எலும்பு மஜ்ஜை மாற்றத்தாலோ சரீரத்தின் இயற்கைக் காப்பை இழந்து நிற்பவர்களுமே பெரும்பாலும் அங்கே அனுமதிக்கப்படுகிறார்கள். பொருளும் அறிவும் ஆள்பலமும் ஒருங்கே குறைவறப் பெற்ற அந்த ஸ்தாபனத்தில் 2011-ஆம் ஆண்டின் பிற்பாதியில் நேர்ந்த துயரத்தை, அங்கேயே பணிபுரிந்த விஞ்ஞானிகள் தங்கள் தோல்விகளையும் சேர்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே அதற்கு இந்த வாரம் முழுவதையும் ஒதுக்குவது தகும் என்று நினைக்கிறேன்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றிலிருந்து நோயாளி ஒருவர் அங்கே கொண்டுவரப்பட்டார். அவர் உடலில் குடியேறியிருந்த பாக்டீரியத்தின் பெயர் க்ளெப்ஸியெல்லா நிமோனியே. ஆரோக்கியமுள்ள மனிதர் பலருடைய குடலில் யாதொரு தொந்தரவும் தராமல் வாழ்ந்து வருகிற இந்த ஜீவன், நோயுற்றுத் தளர்ந்த உடலிலே நுரையீரலுக்கோ சிறுநீர்ப் பாதைக்கோ இரத்தத்துக்கோ வழி கிடைத்துவிட்டால் பிராணாபாயமாக முடியக்கூடியது. அத்தகைய சமயங்களில் மருத்துவர்கள் கடைசித் துணையாக நம்பியிருந்தவை, 1985-இல் விற்பனைக்கு வந்த இமிபெனம் முதலான கார்பபெனம் மருந்துகள். நியூயார்க்கிலிருந்து வந்த கிருமியோ அவற்றுக்கு வசப்படாதது.

வசப்படாமைக்குக் காரணம் ஒரு நொதி. பென்சிலின் முதல் கார்பபெனம் ஈறாகவுள்ள மருந்துகளின் மூலக்கூறில் நான்கு அணுக்களால் ஆன பீட்டா-லாக்டம் வளையம் ஒன்று உண்டு. பாக்டீரியம் தன் உறையாகிய சுவரைக் கட்டுவதற்கு உபயோகிக்கும் புரதங்களைப் பற்றிக்கொண்டு, அந்த வேலையே நடவாதபடி செய்துவிடுவது அவ்வளையம் இருக்கும் வரையில்தான். வட கரோலினாவில் 1996-இல் சேகரிக்கப்பட்ட மாதிரி ஒன்றில் அடையாளம் காணப்பட்டு 2001-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட கே.பி.சி. என்னும் நொதி அந்த வளையத்தை வெட்டிவிடுகிறது. மருந்து தன் இலக்கை அடையுமுன்னரே பயனற்றுப்போகிறது. இந்நொதிக்குரிய மரபணு பாக்டீரியத்தின் பிரதான மரபு இழையில் அமராமல், பிளாஸ்மிட் எனப்படும் தனிச் சிறு வளையங்களில் பெரும்பாலும் தங்கியிருப்பதால், தாயிடமிருந்து சேய்க்கு மட்டுமன்றி, அருகே நெருங்கிய அந்நிய இனத்துக் கிருமிக்கும் கைமாறிச் செல்லக்கூடியது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே நியூயார்க் நகரத்து மருத்துவமனைகளில் அது வேரூன்றிவிட்டது.

வந்தவரிடம் இன்ன கிருமி இருக்கிறதென்பது பெத்தெஸ்டா மருத்துவர்களுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. அவர்கள் அசட்டையாக இருந்துவிடவும் இல்லை. தனிமைப்படுத்தினார்கள், அவரை அணுகியோர் அனைவரும் அங்கியும் கையுறையும் அணிய வேண்டுமென்று விதித்தார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஏனைய நோயாளிகளிடமிருந்தும் மாதிரிகள் எடுத்துப் பரிசோதித்தார்கள். எவரிடமும் அந்தக் கிருமி தென்படவில்லை. ஜூலை 15-ஆம் தேதி அந்த நோயாளி மருத்துவமனையை விட்டு வெளியேறினார். அதன் பின்னர் ஏறத்தாழ மூன்று வாரங்கள் எதுவும் நிகழவில்லை. விதித்த காவல் பலித்துவிட்டதென்றே எவரும் எண்ணியிருப்பார்கள்.

ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், முதல் நோயாளியோடு ஒருபோதும் ஒரே அறையில் இருந்திராத மற்றொருவரிடம் அதே வகைக் கிருமி வெளிப்பட்டது. அதன் பின்னர் ஏறக்குறைய வாரத்துக்கு ஒருவராகப் புதியவர்கள் கண்டுபிடிக்கப்பட்டு வந்தார்கள்.

இது முதல் நோயாளி கொண்டுவந்த கிருமிதானா, அன்றி வெளியிலிருந்து வேறொருவர் கொண்டுவந்ததா? இந்த வினாவுக்கு விடை தெரியாவிட்டால் எந்தக் கதவை அடைப்பதென்பதே தெரியாது. ஆனால் அக்காலத்தில் வழக்கிலிருந்த பரிசோதனை முறைகள் விடையளிக்க வல்லவையாக இல்லை. ஏனெனில் அமெரிக்காவில் பரவியிருந்த கே.பி.சி. க்ளெப்ஸியெல்லாவில் பெரும்பகுதி ஒரே வம்சத்தைச் சேர்ந்தது, அந்த முறைகளுக்கு அவை யாவும் ஒன்றுபோலவே தோன்றின. ஆகவே மருத்துவமனையின் தொற்றுநோய்த் தடுப்பைக் கவனித்துவந்த டாரா பால்மோரும், மனித மரபணு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜூலி செக்ரேயும் இவான் ஸ்னிட்கினும் கூடி, ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் எடுத்த கிருமியின் முழு மரபுத் தொகுதியையும், அதாவது ஏறக்குறைய 60 லட்சம் எழுத்துக்களையும், முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிடுவதென்று துணிந்தார்கள்.

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் புலவர்கள் கையாளுகிற முறை இங்கே நினைவுக்கு வரும்: ஒரு சுவடியில் புகுந்துவிட்ட எழுத்துப் பிழை, அதைப் பார்த்துப் பெயர்த்தெழுதிய சுவடிகளிலெல்லாம் தொடர்ந்து வருமாகையால், எந்தப் பிழை எவ்வெவற்றில் காணப்படுகிறதென்று நோக்கியே எது எதற்கு மூலம் என்பதை அவர்கள் நிர்ணயித்துவிடுவார்கள். பாக்டீரியம் பிளவுபட்டுப் பெருகும்போதும் அபூர்வமாக ஓர் எழுத்து மாறிவிடுகிறது, அம்மாற்றம் அதன் சந்ததி முழுவதிலும் நிலைத்துவிடுகிறது. இவ்வாறு ஒப்புநோக்கியதில், பெத்தெஸ்டாவில் கண்ட கிருமிகள் அனைத்தும் நியூயார்க்கிலிருந்து வந்த அந்த ஒரே நோயாளியிடமிருந்து கிளைத்தவை என்பது ஐயமறத் துலங்கியது. அதுமட்டுமல்ல. அவருடைய சரீரத்தின் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த மாதிரிகளுக்கிடையிலேயே சிற்சில எழுத்து வேறுபாடுகள் இருந்தமையால், கிருமி அவரிடமிருந்து ஒரு முறையல்ல, ஒன்றுக்கொன்று தொடர்பின்றி மூன்று முறை வெளியேறிப் பிறரை அடைந்திருக்கிறதென்பதும் தெரிந்தது. கண்டுபிடிக்கப்பட்ட வரிசை வேறு, தொற்றிய வரிசை வேறு என்பதையும் அந்த எழுத்துக்கள் காட்டின.

வந்து சேர்ந்த விடைகளில் என் மனத்தை மிகவும் தைத்தது இந்தக் கடைசி விடைதான். அந்த மூன்று வாரங்களில் கிருமி உறங்கிக்கொண்டிருக்கவில்லை. காய்ச்சலோ இருமலோ வேறு எந்தக் குறியோ இல்லாதவர்களின் உடம்பில் குடியேறி, அவர்களைச் சார்ந்து, அவர்களைத் தொட்ட கைகளையும் அவர்களுக்குப் பயன்பட்ட கருவிகளையும் சார்ந்து, ஒரு படுக்கையிலிருந்து மற்றொரு படுக்கைக்குப் போய்க்கொண்டிருந்தது. நோய் கண்டவரைத் தேடிச் சிகிச்சை செய்வதே தொன்றுதொட்டு மருத்துவமனையின் தர்மமாக இருந்துவருகிறது. இந்தக் கிருமியின் விஷயத்திலோ நோய் காணாதவரையும் தேடிப் பரிசோதிக்காத மருத்துவமனை எப்போதும் தாமதமாகவே வந்து சேரும். ஒருவர் நோயுற்றார் என்று அறியும் வேளையில், அவரைச் சுற்றி எத்தனை பேர் அறியாமலே கிருமியைத் தாங்கியிருக்கிறார்கள் என்பதை அந்த ஒருவரைப் பார்த்து எவராலும் சொல்ல இயலாது.

அறிந்த பின்னர் அவர்கள் நடத்திய போராட்டத்தில் குறை காண்பதற்கு இடமில்லை. மருத்துவமனை முழுவதிலுமுள்ள நோயாளிகளின் மலக்குடலிலிருந்து துடைப்பு மாதிரிகள் எடுக்கப்பட்டன. கிருமி உள்ளவர்களைப் பிரித்து வைப்பதற்காகச் சுவர் எழுப்பப்பட்டது. அவர்களைக் கவனிக்கும் செவிலியர் மற்றவர்களைத் தொடாதபடி தனியே நியமிக்கப்பட்டார்கள். கை கழுவுகிறார்களா என்று பார்ப்பதற்கென்றே காவலர்கள் நிறுத்தப்பட்டார்கள். காலியான அறைகளில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஆவி செலுத்தப்பட்டது. அப்படியிருந்தும், கிருமிநாசினிகளால் சுத்தம் செய்யப்பட்ட வென்டிலேட்டர் ஒன்றிலும் கைகழுவும் தொட்டிகளின் வடிகுழாய்களிலும் அக்கிருமி உயிரோடு கிடைத்ததால், குழாய்களையே பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று. மருந்தென்று எஞ்சியிருந்தவற்றில் முக்கியமானது கோலிஸ்டின். சிறுநீரகத்துக்கும் நரம்புகளுக்கும் கேடு விளைவிக்கிறதென்று பல்லாண்டுகளுக்கு முன்பே ஏறக்குறையக் கைவிடப்பட்டு, வேறு போக்கில்லாத காரணத்தால் மீண்டும் எடுத்தாளப்பட்ட பழைய மருந்து அது. அதற்கும் அடங்காத வடிவங்கள் சிலரிடம் தோன்றின. ஆண்டு முடிவதற்குள் 18 பேரிடம் கிருமி காணப்பட்டது. அவர்களில் 11 பேர் மாண்டார்கள். அந்த மரணங்களில் ஆறு இந்தத் தொற்றினால் நேர்ந்தவை, ஏனையவை அவர்களுடைய மூல வியாதிகளால் நேர்ந்தவை என்று மருத்துவர்கள் தீர்மானித்தார்கள்.

இந்த வரலாறு 2012 ஆகஸ்டில் விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. அதற்கு முன்பு வெளியுலகத்துக்கு ஏன் சொல்லவில்லை என்று அப்போது பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. ஓராண்டுக் காலம் அறிவிக்கப்படாத அபாயத்தைச் சுற்றியிருந்த மருத்துவமனைகள் அறிந்திருக்க வேண்டும். ஆயினும் எழுதியபோது அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை என்பதையும், ஏதோ ஒரு வகையில் இத்தகைய மரணங்கள் நிகழாத பெரிய மருத்துவமனை உலகில் அரிது, எழுதிவைத்தவையோ அதனினும் அரிது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

தேடுதல் பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு இஸ்ரேல் தேசத்தின் அனுபவம் பதில் சொல்லும். இதே கே.பி.சி. கிருமி அங்கே 2006-இல் பரவத் தொடங்கி, 2007 மார்ச்சுக்குள் 27 மருத்துவமனைகளில் 1,275 நோயாளிகளை அடைந்துவிட்டது. அந்த மாதத்தில் சுகாதார அமைச்சு தலையிட்டு, கிருமி தாங்கியவர் ஒவ்வொருவரையும் தினந்தோறும் அறிவிக்க வேண்டுமென்றும், அவர்களைப் பிரித்து வைத்துத் தனிச் செவிலியரை நியமிக்க வேண்டுமென்றும் சட்டமாக்கி, கண்காணிப்பதற்கு ஒரு நிபுணர் குழுவையும் அமைத்தது. ஒரு லட்சம் நோயாளி-நாட்களுக்கு 55.5 என்றிருந்த மாதாந்தரத் தொற்று, 2008 மே மாதத்தில் 11.7 ஆக இறங்கியது. புதிய மருந்து எதுவும் அங்கே வந்துவிடவில்லை. மருத்துவமனைகள் தனித்தனியே செய்ய முயன்று முடியாமற்போனதை, ஒரு தேசம் ஒருமுகமாகச் செய்தது.

நம் நாட்டுச் சூழ்நிலை இன்னும் சிக்கலானது. துத்தநாகத்தைத் துணைக்கொண்டு கார்பபெனத்தைச் சிதைக்கும் என்.டி.எம்.-1 என்ற வேறொரு நொதியைப் பற்றி 2010-இல் லான்செட் குழுமத்துப் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையிலிருந்து மட்டும் அந்நொதியுடைய 44 மாதிரிகள் குறிக்கப்பட்டிருந்தன. மறு ஆண்டில் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில், டில்லி நகரத்துத் தேங்குநீர் மாதிரிகள் 171-இல் 51-லும், குடிநீர் மாதிரிகள் 50-இல் இரண்டிலும் அந்த மரபணு காணப்பட்டது. பெத்தெஸ்டாவில் கிருமி நுழைந்த வாசல் ஒன்று. தெருவிலேயே அது தேங்கியிருக்கும் ஊரில் ஒவ்வொரு நோயாளியும் ஒரு வாசல். இங்கே தேடுதலின் செலவு பன்மடங்கு பெருகும். அதற்காக அதை விட்டுவிடுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படுகிறவர்களிடமிருந்தாவது அதைத் தொடங்கலாம்.

பெத்தெஸ்டாவின் கதை 2011-உடன் முடிந்துவிடவில்லை. மறு ஆண்டு, எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் அங்கே சிகிச்சை பெற்றுவந்த ஒரு சிறுவனிடம் அதே கிருமி காணப்பட்டு, செப்டம்பரில் அவன் இறந்தான். தொற்றால் மாண்டவர்களில் அவன் ஏழாமவன். எங்கேயோ அது தங்கியிருந்திருக்கிறது. பிற்பாடு அம்மருத்துவமனையின் விஞ்ஞானிகள் தொட்டிகளின் வடிகுழாய்களையும், கட்டடத்துக்கு வெளியே கழிவுநீர் செல்லும் ஆள்நுழை குழிகளையும்கூடத் துழாவி, கண்டதை 2018-இல் வெளியிட்டார்கள்: கார்பபெனத்தை எதிர்க்கும் மரபணுக்களைத் தாங்கிய பலவகைப் பிளாஸ்மிட்கள் அக்கழிவுநீரில் நிறைந்திருந்தன. ஆயினும் குழாய்களில் கண்ட கிருமிகளோடு நோயாளிகளின் தொற்றை இணைத்துக் காட்டக்கூடிய நிகழ்ச்சிகள் மிகச் சிலவே. நோயாளிகளை இடைவிடாது பரிசோதித்துவரும் வழக்கத்தை அந்த மருத்துவமனை அதன் பின்னரும் கைவிடவில்லை.