பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

2023 செப்டம்பர். திருச்சி உறையூர் நாச்சியார் கோயிலுக்குப் பின்தெருவில் கைத்தறிச் சேலை நெய்யும் அக்கா பாஸ்புக்கோடு எங்கள் வாசலுக்கு வந்தார். “தம்பி, உரிமைத்தொகை ஆயிரம் ஏறிடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. எடுக்கப் போனா அறுநூத்துச் சொச்சம்தான் இருக்குங்கிறாங்க. மிச்சம் எங்கப்பா போச்சு?” வரவுக்குக் கீழே மங்கலாக இன்னொரு வரி அச்சாகியிருந்தது: குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான பிடித்தம்.

அந்த மாதம் தமிழகத்தின் பல ஊர்களில் இதே புலம்பல். தமிழக அரசின் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 1.06 கோடி பெண்களுக்குப் போய்ச் சேர்ந்த கையோடு சில வங்கிகள் அதில் கை வைத்தன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அப்போதைய மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டியிருந்தது.

பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் கணக்கின் வகை எழுதியிருந்தது. அக்காவுடையது சாதாரண சேமிப்புக் கணக்கு. நெசவுக் கூலி வாங்க எப்போதோ தொடங்கியது. இதில் அன்றாட இருப்புக்கு வட்டி உண்டு. ஆனால் எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்பதை அந்தந்த வங்கிதான் முடிவு செய்கிறது. ஸ்டேட் வங்கி 2020இலும், கனரா, இந்தியன் வங்கிகள் 2025இலும் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டன. தனியார் வங்கிகள் பலவற்றில் இன்றும் ஆயிரக்கணக்கில் வைத்தாக வேண்டும். பிடிப்பதற்கு முன்பு தகவல் சொல்லி ஒரு மாத அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அக்காவுக்கு அப்படி எதுவும் வந்ததாக நினைவில்லை.

அவருக்கு ஏற்றது அடிப்படை சேமிப்புக் கணக்கு. ஜன்தன் கணக்கும் இந்த வகைதான். ஒரு ரூபாய்கூட இல்லாமல் கிடந்தாலும் அபராதம் கிடையாது, ஏடிஎம் கார்டும் இலவசம். மாதம் நான்கு முறை கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு மட்டும் இருக்கக் கூடாது. புதிதாகத் தொடங்க வேண்டுமென்பதில்லை, இருக்கும் கணக்கையே மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். இதை வங்கிக்காரர்கள் தாமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. அக்காவிடம் சேலை எடுக்கும் கடைக்காரர் வைத்திருப்பது நடப்புக் கணக்கு. நாளெல்லாம் போட்டு எடுக்கலாம், வட்டி கிடையாது.

அக்கா தீபாவளிச் சீட்டுக்குக் கட்டும் பணத்தை வங்கியில் தொடர் வைப்பாக (ஆர்.டி.) போடச் சொன்னேன். வங்கியே நொடித்தாலும் அதிலுள்ள எல்லாக் கணக்கும் சேர்த்து ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. பதிவில்லாத சீட்டு பிடிப்பவர் ஊரைவிட்டுப் போனால் அழுகைதான் மிச்சம்.

அக்காவின் மாமியார் பெயரிலும் ஒரு கணக்கு உண்டாம், தொட்டே பல வருடமாகிறதாம். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு முடங்கும். பத்து ஆண்டு ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், அதன் பிறகும் கேட்டுப் பெறலாம். பரண் மேல் இருக்கும் அந்தப் பாஸ்புக்கைத் தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.