ஒரு துண்டு தின்று பார்த்திருந்தால்...

எங்கள் ஊர் தொட்டியம். காவிரிக்கரை, வாழைத் தோப்பு என்று பார்க்கக் குளிர்ச்சியாக இருக்குமே தவிர, சித்திரை, வைகாசி வெயிலுக்குக் குறைச்சலே இல்லை. பங்குனியில் மதுரகாளியம்மன் தேர் பார்க்க வரும் சொந்தபந்தங்களில் ஆரம்பித்து, ஆடி பிறக்கும்வரை யார் வீட்டுப் படியேறினாலும் நாங்கள் முதலில் கொடுப்பது வெள்ளரி மோர்தான். கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் சொல்லிக் கொடுத்தது.

பிஞ்சு வெள்ளரிக்காய் இரண்டு, சின்ன இஞ்சித் துண்டு, பாதி பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்துமல்லி, உப்பு எல்லாம் மிக்சியில் அரைத்து, ஒரு டம்ளர் தயிர், மூன்று டம்ளர் தண்ணீர் விட்டுக் கடைந்து, பெருங்காயம் ஒரு சிட்டிகை. அவ்வளவுதான். வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். வடிகட்டாமல் குடித்தால் நார்ச்சத்தும் வீணாகாது.

அத்தை அரைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு காயிலும் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்ப்பார்கள். ‘நாலு பேருக்குக் கொடுக்கிறதை இப்படியா தின்னு பார்ப்பாங்க?’ என்று எனக்கு அருவருப்பாக இருக்கும். நான் நுனியை வெட்டித் தேய்த்து, நுரையைக் கழுவி விட்டு அரைத்து விடுவேன்.

போன வருஷம் அக்னி நட்சத்திரம். அத்தை நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மோட்டார் பழுதாகி, கொல்லையில் இருந்த வெள்ளரிக் கொடிக்குப் பத்து நாளாகத் தண்ணீரே இல்லை. காய்ந்த கொடியில் கடைசியாக நாலு காய். வீணாகக் கூடாதே என்று பறித்து மோர் செய்து வைத்தேன். தோப்பிலிருந்து வந்த என் கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “என்ன புள்ள இது, கசக்குது?” என்றார்.

“பாகற்காய் கசக்கலையாங்க? கசப்பு உடம்புக்கு நல்லதுதான், குடிங்க” என்றேன். நான் சொன்னதற்காக அந்த மனுஷன் ஒரு செம்பையும் மடக் மடக்கென்று குடித்து விட்டார்.

அரை மணி நேரம் ஆகவில்லை. வயிற்றைப் பிடித்துக் கொண்டு சுருண்டு விட்டார். வாந்தி, பேதி. 108-க்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ராத்திரி முழுக்கக் குளுக்கோஸ் ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்து நான் வேண்டாத தெய்வம் இல்லை.

என்ன சாப்பிட்டார் என்று விசாரித்த டாக்டர், “பாகற்காய்க் கசப்பு வேறம்மா, இது வேற” என்று விளக்கினார். வெள்ளரி, சுரை, பீர்க்கு இதிலெல்லாம் சில சமயம் குக்குர்பிட்டேசின் என்ற நஞ்சு கூடிவிடுமாம். கடும் வெயிலும் தண்ணீர் பற்றாக்குறையும் அதற்கு ஒரு காரணம். நுனியைத் தேய்ப்பதால் காய்க்குள் இருக்கும் கசப்பு போய்விடாது, வேகவைத்தாலும் போகாது. 2010-ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்தே போயிருக்கிறார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வல்லுநர் குழு அமைத்து ஆராய்ந்து, சாறு எடுக்கும் முன் ஒரு சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் எறிந்துவிட வேண்டும், வேறு சாறோடு கலந்தும் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அத்தை செய்து கொண்டிருந்ததும் அதைத்தானே!

கடித்துத் தின்றால் கசந்ததும் நாமே துப்பிவிடுவோம். மோரிலும் இஞ்சியிலும் கலந்துவிட்டால் முழுங்கிய பிறகுதானே தெரிகிறது!

சகோதரிகளே, இதைப் படித்துவிட்டு வெள்ளரியையே ஒதுக்கி விடாதீர்கள். கடையில் வாங்கும் காய் பெரும்பாலும் கசப்பதில்லை. எங்கள் வீட்டில் இன்றும் வெள்ளரி மோர் உண்டு. ஆனால், ஒவ்வொரு காயிலும் காம்புப் பக்கம் ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு வெட்டித் தின்று பார்க்காமல் மிக்சியில் போடுவதில்லை. கசந்தால் குப்பைக்குத்தான். மாட்டுக்கும் வைப்பதில்லை. தெரியாமல் குடித்து வயிற்று வலியோ வாந்தியோ வந்தால் கை வைத்தியம் பார்த்துக் கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஊரிலிருந்து திரும்பிய அத்தை என்னைத் திட்டவில்லை. “நான் ஏன் தின்னு பார்க்கிறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லம்மா?” என்று மட்டும் சொன்னார்கள். பெரியவர்கள் செய்வதை மனதுக்குள் குறை சொல்வதை விட, ஏன் என்று கேட்டு விடுவது மேல் என்று எனக்குப் புரிந்தது.

- ஒரு வாசகி, தொட்டியம்.